இளந்தம்பதியர் மணவாழ்வின் நிலைபேறு: உளவியல் காரணிகளும் அவற்றின் எல்லையும்

மணவாழ்வு முறியாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் சுமார் 13.6 லட்சம் பேர். மணமானோர் தொகையில் இது 0.24 விழுக்காடு. சட்டப்படி விலகாமல் பிரிந்து வாழ்வோர் இதைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 0.61 விழுக்காடு. இந்தச் சிறிய எண்களைச் சுட்டி, நம் குடும்ப அமைப்பு உறுதியானது என்று மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் எப்போதேனும் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் மணவிலக்கு எண்ணிக்கையைக் குடும்ப நலத்தின் அளவுகோலாகக் கொள்ளமாட்டார். போக வழியில்லாததால் நிற்கும் மணம் எதற்கும் சான்றாகாது. ஆகவே இக்கட்டுரையில் நிலைபேறு என்பது, விலகும் உரிமையும் வசதியும் இருவருக்கும் இருந்தும், சேர்ந்திருப்பதையே இருவரும் விரும்பித் தொடர்வதைக் குறிக்கும். கருதப்படும் காலம் மணமான முதல் சில ஆண்டுகள்.

இவ்வகை நிலைபேற்றைத் தாங்கும் மனக்கூறுகள் எவை என்ற கேள்விக்கு எண்பதாண்டுக்கும் மேலான ஆய்வுகள் ஓரளவு ஒத்த விடையைத் தருகின்றன. அக்கூறுகளில் பெரும்பாலானவை தனியொருவரிடம் இருக்கும் குணங்களாக அல்லாமல், இருவருக்கிடையே நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலாக உள்ளன. வெளிச்சுமை ஓர் அளவைத் தாண்டும்போது அவை குலையவும் செய்கின்றன. முதல் செய்தியை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் மணவாழ்வு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பெண்ணுக்கான பொறுமைப் பாடமாகச் சுருங்கிப்போகின்றன.

கட்டும் ஈடுபாடும்

மணவாழ்வில் ஒருவர் ஏன் தொடர்கிறார் என்பதற்கு 1980இல் கேரில் ரஸ்பல்ட் ஒரு சட்டகம் வகுத்தார். உறவில் கிடைக்கும் நிறைவு, வெளியே உள்ள மாற்று வழிகளின் கவர்ச்சி, உறவில் ஏற்கெனவே போட்டுவைத்த முதல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரின் பற்றுறுதியை முடிவு செய்கின்றன என்பது அவர் கருத்து. டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லியும் ஹோவர்ட் மார்க்மனும் 1992இல் பற்றுறுதியையே இரண்டாகப் பிரித்துக் காட்டினர். இந்த உறவு வேண்டும், இதற்காகச் சிலவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்ற உள்விருப்பம் ஒன்று. வெளியேறினால் வரும் இழப்புகளின் அச்சம் மற்றொன்று. முன்னதை ஈடுபாடு என்றும் பின்னதைக் கட்டு என்றும் அழைக்கலாம்.

தமிழ்ச் சமூகத்தில் கட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கடன், போட்ட நகை, பிறந்த குழந்தை, அடுத்து மணம் முடிக்க வேண்டிய தங்கை, ஊர் என்ன சொல்லும் என்ற பெற்றோரின் கவலை என அவை அடுக்கடுக்காக உள்ளன. ஒரு தலைமுறைக்கு முன்வரை ஈடுபாடு குறைந்த இடத்தைக் கட்டு நிரப்பியது. இன்று அது தளர்ந்து வருகிறது. பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் இருக்கிறது; தனிக்குடித்தனம் மணமான சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. சட்டமும் அதே திசையில் நகர்ந்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இருவர் ஒப்புதலோடு விலகும் வழியைத் திறந்தது. அதில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமானதன்று என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்க முடியாத அளவு முறிந்த மணத்தை அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ்த் தானே கலைக்க முடியும் என்று 2023இல் அதன் அரசமைப்பு அமர்வு கூறியது. கட்டு தளரும் அளவுக்கு ஈடுபாடு பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. உளவியல் காரணிகள் இன்று கூடுதல் கவனம் பெறுவதற்கு அடிப்படைக் காரணம் இந்த இடமாற்றமே.

ஆளுமையின் பங்கு

மணநிறைவை முதன்முதலில் பெரிய அளவில் அளந்தவர்களில் ஒருவர் லூயிஸ் டெர்மன். கலிபோர்னியாவில் 792 தம்பதியரிடம் கேட்டறிந்து 1938இல் அவர் வெளியிட்ட நூல், மகிழ்ச்சியோ துயரமோ பெரும்பாலும் ஆளின் மனப்போக்கோடு வருகிறது என்று வாதிட்டது. ஒரே ஒரு முறை கேட்டறிந்த தரவு அது. இதைவிட வலுவான சான்று லோவெல் கெல்லி தொடங்கிய ஆய்விலிருந்து கிடைத்தது. 1930களில் நிச்சயதார்த்தம் முடிந்திருந்த 300 இணையரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை 1980 வரை அவர் பின்தொடர்ந்தார். 1987இல் ஜேம்ஸ் கான்லியுடன் சேர்ந்து வெளியிட்ட முடிவில் மூன்று கூறுகள் முன்னின்றன: கணவனின் உணர்ச்சித் தளம்பல், மனைவியின் உணர்ச்சித் தளம்பல், கணவனின் தன்னடக்கக் குறைவு. எளிதில் கலங்குவது, கவலை தீராமல் இருப்பது, சிறு சொல்லுக்கும் பொசுக்கெனக் கோபம் வருவது போன்றவை முதல் இரண்டில் அடங்கும். பத்துப் பொருத்தமும் பார்த்து, வேலை, சம்பளம், சொந்த வீடு என அனைத்தையும் விசாரிக்கும் வீடுகள், மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவருடன் வேலை பார்ப்பவர்களிடம் கேட்பதில்லை. கெல்லியின் தரவுப்படி, விசாரிக்கத் தகுந்தவற்றில் அது முன்வரிசையில் இருக்க வேண்டிய கேள்வி.

ஆளுமையோடு நெருங்கிய மற்றொரு கூறு பற்றுறவுப் பாங்கு. குழந்தைப் பருவத்தில் வளர்ப்பவரிடம் உண்டாகும் பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பியும் மேரி ஐன்ஸ்வர்த்தும் சொன்னதை, சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987இல் வயதுவந்தோரின் காதலுறவுக்கு நீட்டித்தனர். துணையை நம்பி நெருங்குபவர், கைவிடப்படுவோமோ என எப்போதும் பதறுபவர், நெருக்கமே சங்கடமாகி ஒதுங்குபவர் என மூவகையினரை அவர்கள் இனங்கண்டனர். மாலையில் கைபேசியை எடுக்காத கணவனை முதல் வகை மனைவி 'வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்' என எண்ணுகிறாள். இரண்டாம் வகையினளுக்கு அதே நிகழ்வு புறக்கணிப்பு. அவள் பத்து முறை அழைக்கிறாள். கணவன் மூன்றாம் வகையாக இருந்துவிட்டால், பத்து அழைப்புகளைப் பார்த்ததும் இன்னும் தாமதமாகவே வீடு திரும்புவான். ஒருவரின் பாங்கு மற்றவரின் பாங்கைத் தூண்டிவிடும் இந்தச் சுழற்சி, மணமான முதல் சில மாதங்களிலேயே பழக்கமாக உறைந்துவிடக்கூடும்.

எனினும் ஆளுமையைத் தலையெழுத்தாக்கிவிடக் கூடாது. 2020இல் சமந்தா ஜோயலும் உடனாய்வாளர்களும் 43 நெடுநாள் தொடராய்வுகளில் இருந்த 11,196 இணையரின் தரவை இயந்திரக் கற்றல் முறையில் ஒருசேர அலசினர். உறவின் தரத்தில் காணும் வேறுபாட்டை விளக்குவதில், ஆளுமை, வயது, வருமானம், வளர்ப்பு போன்ற தனியாள் கூறுகளைவிட உறவு பற்றிய கூறுகளே முன்னணியில் நின்றன. துணைக்கு இந்த உறவில் பற்றுறுதி உண்டு என்ற நம்பிக்கை, துணையை மதித்துப் போற்றும் மனம், உடலுறவில் நிறைவு ஆகியவை அவற்றில் முதன்மையானவை. யாரை மணந்தோம் என்பதைக் காட்டிலும் அவரோடு சேர்ந்து எதை உருவாக்கினோம் என்பது கூடுதலாகச் சொல்கிறது. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. உறவு எதிர்காலத்தில் எத்திசையில் மாறும் என்பதை இத்தனை தரவாலும் கணிக்க முடியவில்லை. சோதிடத்தைக் கேலி செய்யும் அறிவியல் கவனிக்க வேண்டிய முடிவு இது.

தொடக்கக் காதலும் அதன் தேய்வும்

காதல் மணமா, பெற்றோர் பார்த்து முடித்த மணமா, எது நிலைக்கும் என்ற பட்டிமன்றத் தலைப்புக்கு ஆய்வுலகிலும் ஒரு வரலாறு உண்டு. 1982இல் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரிடம் நடத்திய ஆய்வு, காதல் மணத்தில் காதல் உயரத்தில் தொடங்கிக் குறைவதாகவும், ஏற்பாட்டு மணத்தில் தாழ்வாகத் தொடங்கி உயர்வதாகவும் காட்டியது. இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. ஆனால் அதன் அடித்தளம் மிகச் சிறியது. ஒரே தம்பதியரைத் தொடர்ந்து பார்க்காமல், வெவ்வேறு கால அளவு மணவாழ்வு கண்டவர்களை ஒப்பிட்டது அது. பின்னர், 2012இல் பமீலா ரீகன் குழுவினர் அமெரிக்க வாழ் இந்தியரிடையே இருவகை மணங்களுக்கும் நிறைவிலோ காதலிலோ வேறுபாடு காணவில்லை. மணம் அமைந்த விதத்துக்கு இவ்விவாதத்தில் அளவுமீறிய இடம் தரப்பட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மேலும் பயனுள்ளது டெட் ஹூஸ்டன் பென்சில்வேனியாவில் நடத்திய தொடராய்வு. 1981இல் மணந்த 168 தம்பதியரைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் பின்தொடர்ந்தார். விலகியவர்கள் புதுமணக் காலத்தில் அதிகம் சண்டையிட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. முறிவை முன்னறிவித்ததில் முக்கியமானது முதல் இரண்டு ஆண்டுகளில் அன்பு வெளிப்பாடு எவ்வளவு சரிந்தது என்பதே. உச்சியில் தொடங்கி வேகமாகச் சரிந்த மணங்கள் உடைந்தன. மிதமாகத் தொடங்கி ஏறக்குறைய அதே அளவில் நின்றவை நிலைத்தன. ஏமாற்ற உணர்வு என்று ஹூஸ்டன் குழு இதற்குப் பெயரிட்டது. தமிழ்நாட்டில் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் இரவெல்லாம் நீளும் கைபேசிப் பேச்சு, ஒளிப்படக் கலைஞர் இயக்கும் மணமுன் படப்பிடிப்பு, கடன் வாங்கி நடத்தும் வரவேற்பு ஆகியவை தொடக்க உயரத்தைச் செயற்கையாகக் கூட்டுகின்றன. மறு மாதமே தவணை கட்ட வேண்டிய வாழ்வு தொடங்குகிறது. சரிவின் செங்குத்து இங்கேதான் பிறக்கிறது.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே வழி என்றால், அதுவும் முழு உண்மையில்லை. ஜேம்ஸ் மெக்நல்டியும் பெஞ்சமின் கார்னியும் 2004இல் 82 புதுமணத் தம்பதியரிடம் கண்டது இது: சிக்கலைப் பேசித் தீர்க்கும் திறன் உள்ளவர்களுக்கு உயர்ந்த எதிர்பார்ப்பு நன்மை செய்தது, திறன் இல்லாதவர்களுக்கு அதே எதிர்பார்ப்பு நிறைவை வேகமாகச் சரித்தது.

சிறு அழைப்புகளும் காரணம் கற்பித்தலும்

இரவு எட்டரை மணி. கணவன் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுப்படியிலிருந்து மனைவி, "இன்னைக்கு எங்க ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்கிறாள். அவன் தலை நிமிர்ந்து "என்ன?" என்று கேட்கலாம், திரையை விட்டுக் கண் எடுக்காமல் "ம்" போடலாம், "மேட்ச் பாக்கும்போதுதான் உனக்குப் பேச்சு வரும்" என்று வெடுக்கெனச் சொல்லலாம். சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரை அடுக்குமாடி வீடுபோல் அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துப் பதிவு செய்தது இத்தகைய நொடிகளைத்தான். ஒவ்வொன்றும் ஒரு சிறு அழைப்பு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்திருந்தவர்கள், புதுமணக் காலத்தில் துணையின் அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்கு முகம் கொடுத்திருந்தனர். விலகியவர்கள் 33 விழுக்காட்டுக்கு மட்டுமே. மாதிரி சிறியது என்பதால் விழுக்காடுகளைத் துல்லியமாகக் கொள்ளத் தேவையில்லை. இடைவெளியின் அகலம் போதும். ஷெல்லி கேபிள் 2004 முதல் நடத்திய ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டின. துன்பத்தில் துணை நிற்பதைப் போலவே, மற்றவருக்குக் கிடைத்த நல்ல செய்தியை உற்சாகமாகக் கேட்டுக்கொள்வதும் உறவை வலுப்படுத்துகிறது. மனைவியின் பதவி உயர்வுக்கு "சரி, அப்ப இனிமே வர லேட்டாகுமா?" என்பது வீட்டில் அன்றாடம் கேட்கும் பதில். அது சண்டையாக எங்கும் பதிவாவதில்லை.

இச்சிறு நிகழ்வுகளுக்கு எடை தருவது அவற்றுக்கு மனம் கற்பிக்கும் காரணம். தாமஸ் பிராட்பரியும் ஃபிராங்க் ஃபின்ச்சமும் 1990இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு தெளிவான வேறுபாட்டை எடுத்துக்காட்டினர். நிறைவான தம்பதியர் துணையின் தவற்றைச் சூழ்நிலையின் மேல் ஏற்றுகின்றனர். நன்மையை அவர் குணத்தோடு சேர்க்கின்றனர். நிறைவற்றவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். பால் வாங்க மறந்த கணவன் ஒரு வீட்டில் அலைச்சலில் மறந்தவன். மற்றொரு வீட்டில் அம்மா சொன்னால் மட்டும் நினைவிருப்பவன். இரண்டாவது விளக்கம் ஒருமுறை குடியேறிவிட்டால், மறுநாள் அவன் பூ வாங்கி வந்தாலும் ஏதோ மறைக்கிறான் என்றே தோன்றும்.

காரணம் கற்பிக்கும் பழக்கத்தை மாற்ற முடியுமா? எலி ஃபிங்கெல் குழு 2013இல் வெளியிட்ட சோதனை முடியும் என்கிறது. சிகாகோ பகுதியில் 120 தம்பதியர் இரண்டு ஆண்டு காலம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் மணநிறைவையும் அண்மையில் நடந்த ஒரு பெரிய சண்டையையும் எழுதினர். முதலாண்டில் எல்லோருக்கும் நிறைவு சரிந்தது. இரண்டாமாண்டில் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஏழு நிமிட எழுத்துப் பயிற்சி ஒன்று தரப்பட்டது. இருவருக்கும் நன்மை நினைக்கும் நடுநிலையான மூன்றாம் ஆள் அந்தச் சண்டையை எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்க்க எது தடையாகிறது, அடுத்த முறை அதை எப்படிக் கடைப்பிடிக்கலாம் என்ற மூன்று கேள்விகளே அப்பயிற்சி. ஆண்டுக்கு மொத்தம் 21 நிமிடம். பயிற்சி பெற்றவர்களின் சரிவு நின்றது, மற்றவர்களுடையது தொடர்ந்தது. சண்டையின் எண்ணிக்கை இரு குழுவிலும் குறையவில்லை என்பதும், சண்டையால் வந்த மனவருத்தம் மட்டுமே குறைந்தது என்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை.

சண்டையும் சமாதானமும்

சண்டையின் அளவைவிட அதன் தன்மையே முக்கியம் என்பது காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 1980கள் முதல் திரட்டிய தரவின் சாரம். ஆளையே பழிப்பது, இளக்காரம் செய்வது, தன் பக்கமே நியாயம் பேசுவது, வாய் திறக்காமல் சுவராகிவிடுவது ஆகிய நான்கையும் அவர்கள் ஆபத்தின் அறிகுறிகளாகக் குறித்தனர். நான்கில் கொடியது இளக்காரம். தமிழ் வீடுகளில் அது பெரும்பாலும் சொல்லிக்காட்டுவதாக வரும்: பிறந்த வீட்டின் வசதி, போட்ட சீர், படிப்பு, நிறம், உடன்பிறந்தவரின் சம்பளம். ஒரு சண்டையில் விழுந்த சொல் பத்தாண்டு கழித்தும் அதே சூட்டோடு நினைவிருப்பது இவ்வகையில்தான்.

சுவராகிவிடுபவர் பெரும்பாலும் ஆண். அலட்சியமாகத் தோன்றினாலும், அந்நேரத்தில் அவர் நாடித்துடிப்பு எகிறியிருப்பதைக் கருவிகள் காட்டின. உடல் அப்படிக் கொதித்த நிலையில் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனே மங்குகிறது. இருபது நிமிடமாவது விலகி இருந்துவிட்டு வந்து பேச வேண்டும் என்ற பரிந்துரை இதிலிருந்து பிறந்தது. திரும்பி வந்து பேசுவது அதில் பாதி. வண்டியை எடுத்துக்கொண்டு போய் நள்ளிரவில் திரும்பிப் படுத்துவிடுவதை இந்தப் பரிந்துரையில் சேர்க்க முடியாது.

130 புதுமணத் தம்பதியரைப் பற்றிக் காட்மன் குழு 1998இல் வெளியிட்ட கட்டுரை ஆலோசகர்களுக்கே அதிர்ச்சி தந்தது. 'நீங்கள் சொல்வது இது என்று புரிந்துகொள்கிறேன்' என்னும் பாணியில் திருப்பிச் சொல்லிக் கேட்பதை மகிழ்ச்சியான தம்பதியரும் செய்யவில்லை. அது எதையும் முன்னறிவிக்கவும் இல்லை. முன்னறிவித்தவற்றில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, குறையை மனைவி எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறாள் என்பது. மற்றொன்று, அவள் கருத்தைக் கணவன் ஏற்று நடக்கிறானா என்பது. நம் அறிவுரை மரபு முதலாவதைச் சலிக்காமல் சொல்லி, இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறது. 'பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன்' என்பது இன்றும் ஏச்சாக வழங்கும் ஊரில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஆய்வுகளின் பெயரில் பரப்பப்படும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மணவிலக்குக் கணிப்புத் துல்லியத்தை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. முடிவு தெரிந்தபின் பொருத்திப் பார்த்த சூத்திரம், புதிய தம்பதியரிடம் அதே அளவு பலிப்பதில்லை என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் சுட்டிக்காட்டினர்.

மேற்கத்திய முடிவுகள் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை. மனைவி வற்புறுத்த, கணவன் ஒதுங்கும் கோலம் அமெரிக்கத் தரவில் மிகப் பரவலானது. உஸ்மா ரெஹ்மானும் ஏமி ஹோல்ட்ஸ்வர்த்-மன்ரோவும் 2006இல் பாகிஸ்தானியத் தம்பதியரை ஒப்பிட்டபோது, அங்கே மனைவியர் அடக்கமான முறையில் கேட்பதும் பின்னர் ஒதுங்குவதும் கூடுதலாகத் தெரிந்தது. அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்து வற்புறுத்தும் முறையும் மாறுகிறது.

தமிழ் மரபு ஊடலை மணவாழ்வின் பிழையாகக் கருதவில்லை. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை. தொல்காப்பியக் கற்பியல் ஊடல் தீர்க்கும் வாயில்களாகத் தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் உள்ளிட்ட பன்னிருவரை எண்ணுகிறது. விருந்தினரையும் வாயிலாகச் சேர்த்தது கூர்மையான உளவியல். வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் இருவரும் சேர்ந்து இயங்கியாக வேண்டும். யார் முதலில் பேசுவது என்ற மானப் பிரச்சினை யாருக்கும் தோல்வியில்லாமல் கரைகிறது. அந்த ஏற்பாட்டின் சாய்வையும் மறைக்க வேண்டியதில்லை: பரத்தையிடம் சென்று மீண்டவனுக்காகவே வாயில்கள் பெரும்பாலும் வந்தனர், இறங்கிவர வேண்டியவள் தலைவி. ஆனாலும் அவர்கள் ஊடலைத் தணித்துவிட்டு விலகிக்கொண்டனர். இன்று இருதரப்புப் பெரியவர்கள் கூடும் பஞ்சாயத்து தணிப்பதற்குப் பதில் தீர்ப்பளிக்க அமர்கிறது. தீர்ப்பு வந்தால் ஒருவர் தோற்க வேண்டும்; தோற்றவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ வேண்டும்.

வெளிச்சுமை

இதுவரை கூறியவை அனைத்தும் தம்பதியரின் கையில் இருப்பவைபோல் தோன்றலாம். கார்னியும் பிராட்பரியும் 1995இல் 115 தொடராய்வுகளை, ஏறத்தாழ 45,000 மணங்களின் தரவை, தொகுத்தபோது அந்தத் தோற்றம் கலைந்தது. ஆளோடு வரும் பலவீனங்கள், வெளியிலிருந்து வரும் அழுத்தங்கள், இவற்றுக்கு இடையில் தம்பதியர் அனுசரித்துப்போகும் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற அவர்களின் மாதிரி இன்று துறையின் பொது அடித்தளம். லீசா நெஃப் கார்னியுடன் 2004இல் நடத்திய ஆய்வு இதை நுணுக்கமாகக் காட்டியது. வெளி அழுத்தம் கூடிய காலங்களில், மற்ற நாட்களில் துணையின் தவற்றை எளிதாக எடுத்துக்கொண்டவரே அதற்குக் குணத்தைக் குறை சொல்லத் தொடங்கினார். பெருந்தன்மை என்பது சேமிப்பு உள்ளபோது செலவழிக்கக் கூடியதே. மிதமான அழுத்தம் நன்மையும் செய்யலாம் என்று நெஃப் 2011இல் கண்டார். தொடக்கத்தில் சிறு நெருக்கடிகளைச் சேர்ந்து கடந்து, பேசித் தீர்க்கும் பழக்கமும் பெற்றவர்கள், பின்னர் வந்த பெரிய நெருக்கடியை நன்கு தாங்கினர்.

இந்தியத் தம்பதியரின் மேல் இச்சுமை ஒரே அளவில் இறங்குவதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர். கணக்கெடுத்த நாளில் அத்தகைய வேலையைச் செய்தவர்களே பெண்களில் 81, ஆண்களில் 26 விழுக்காடுதான். முதல் குழந்தை பிறந்ததும் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் விரிகிறது. மணநிறைவு சரியும் காலங்களில் குழந்தைப் பிறப்பு முதன்மையானது. அச்சரிவைத் தடுத்த தம்பதியரிடம் அலிசன் ஷாபிரோ குழு 2000இல் கண்ட பொதுக்கூறு, மனைவியின் நிலையைக் கணவன் கவனத்தில் வைத்திருந்ததும் அவள்மேல் கொண்ட பிரியத்தைத் தொடர்ந்து வெளிப்படுத்தியதும். பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் நம் வழக்கம் அவளுக்கு ஓய்வும் பராமரிப்பும் தருகிறது. அதே வழக்கம் கணவனைக் குழந்தையின் முதல் மாதங்களிலிருந்து விலக்கியும் வைக்கிறது. திரும்பி வருபவள் வேலையறிந்த தாய். வரவேற்பவன் குழந்தையைத் தூக்கவே அஞ்சும் விருந்தாளி.

பேசும் திறனைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் வலுவான மறுப்புகள் உண்டு. ஜஸ்டின் லாவ்னர் குழு லாஸ் ஏஞ்சலஸின் குறைந்த வருமானப் பகுதிகளில் 431 புதுமணத் தம்பதியரை ஆய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, நல்ல பேச்சுமுறை பின்னர் வரும் நிறைவை முன்னறிவித்ததைவிடக் குறையாமல், நிறைவு பின்னர் வரும் பேச்சுமுறையை முன்னறிவித்தது. அமெரிக்க அரசு எளிய இணையருக்காக எட்டு இடங்களில் நடத்திய உறவுத்திறன் பயிற்சித் திட்டத்தின் மதிப்பீடு 2010இலும் 2012இலும் வந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இணையரிடம் சராசரியாக உறவின் தரம் உயரவில்லை. வீட்டு வாடகைக்கு வழியில்லாதவரிடம் மென்மையாகப் பேசச் சொல்லிக் கொடுப்பதன் எல்லை அது.

பொறுமையின் எல்லை

மன்னிப்பு, விட்டுக்கொடுத்தல், நல்லதையே நினைத்தல் ஆகியவை எப்போதும் நன்மை தரும் என்பது பொதுநம்பிக்கை. மெக்நல்டியும் ஃபின்ச்சமும் 2012இல் இதை நேரடியாக மறுத்தனர். துணையின் தவறுகள் சிறியவையாகவும் எப்போதாவது நிகழ்பவையாகவும் இருக்கும்போது இப்பண்புகள் நிறைவைக் காக்கின்றன. தவறுகள் பெரியவையாகவோ தொடர்ந்தோ வரும்போது அதே பண்புகள் நிலைமையை மோசமாக்குகின்றன. மெக்நல்டியின் புதுமணத் தொடராய்வுகளில், எளிதில் மன்னிக்கும் துணையைப் பெற்றவர்களின் வன்சொல்லும் வன்செயலும் ஆண்டுகள் கடந்தும் குறையாமல் நின்றன. மன்னிக்கத் தயங்கியவர்களின் துணைவரிடம் அவை குறைந்தன. 'பொறுத்துப் போ, எல்லாம் சரியாகிவிடும்' என்ற பெற்றோர் அறிவுரைக்கு எதிரான ஆய்வுச் சான்று இதைவிட நேராக அமைவது அரிது. அடிவாங்கும் பெண்ணுக்கு வேண்டியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு. காரணம் கற்பித்தல் பயிற்சி அங்கே உதவாது.

மேற்கண்ட சான்றுகள் தலையீட்டுக்குரிய காலமாக முதல் இரண்டு ஆண்டுகளைக் காட்டுகின்றன. மறுவீடு, ஆடிக்கு அழைத்தல், தலைத் தீபாவளி, வளைகாப்பு என அக்காலத்தில் இரு குடும்பங்களும் திரும்பத் திரும்பக் கூடுகின்றன. சீர் முறையாக வந்ததா என்று பார்க்கும் அக்கண்கள் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. சட்டமும் தொடக்க காலத்தைத் தனியே கருதுகிறது: இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விதிவிலக்கான துயரம் போன்ற நிலை இருந்தாலன்றி மணமாகி ஓராண்டுக்குள் மணவிலக்கு மனுவை ஏற்பதில்லை. ஆனால் அந்த ஓராண்டில் தம்பதியருக்கு உதவ அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, ஆலோசகர்களை அமர்த்தவும் வழி செய்கிறது. வழக்கு எண் விழுந்த பிறகே தம்பதியர் அந்த ஆலோசகரைச் சந்திக்கின்றனர். அதற்குள் காரணம் கற்பிக்கும் பழக்கம் இருவரிடமும் இறுகிவிட்டிருக்கும். திருமணப் பதிவு அலுவலகத்திலும், கருவுற்ற பெண் பரிசோதனைக்கு வரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கணவனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் ஆலோசனையைத் தொடங்குவதே அறிவுக்குப் பொருந்தும் வரிசை.